பிரீசரின் அடியில் இருந்த டப்பா

மம்சாபுரம்,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் முத்துக்குமரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் ஜெயாவும் பெரியவளும் சின்னவனும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு எதற்குத் திடீரென்று கடுதாசி எழுதுகிற ஆசை என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிடுகிறாய், சின்னவன் அதைப் பிடுங்குகிறான், நான் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் உங்கள் வீட்டுக் கூரைதான் தெரிகிறது. எனக்குச் சொல்ல வேண்டியது கூரையைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நம் தெரு சத்யப்பிரியா வருகிற வாரம் மெல்போர்னுக்கு அவள் வீட்டுக்காரரிடம் போகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே மோர்மிளகாய் கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டேன், ஏர்போர்ட்டில் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள், காகிதம் மட்டும் கொடுங்கள் அத்தை என்றுவிட்டாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிறார், தானாகப் போட்டால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது. மேற்கே மலையில் சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது, இங்கே நமக்குக் காற்று மட்டும்தான், துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. உன் இருமல் போன வாரம் போனில் கேட்டது, அதற்கு ஒரு கஷாயம் வைத்துக் குடி, ஆபீஸ் ஏசியில் தலையைக் காட்டிக்கொண்டு உட்காராதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயாவுக்கு நான் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். பண்ணியது பங்குனியில் உங்கள் வீட்டில், எனக்கே தெரிய வந்தது போன வாரம் ராஜபாளையத்தில். அன்னத்தாய் மதினிக்கு வருஷத் திதி என்று நானும் அப்பாவும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். போன ஆடியில் மதினி தவறியபோது ஜெயா நிறைமாதமாக இருந்தாள், பிளேனில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பெற்ற தாயின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள், அது உனக்குத் தெரியாததா. படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சம்பந்தி கருத்தையா அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, செத்த இரு தாயி, ஒண்ணு சொல்லணும், காலைல பிள்ள போன் போட்டா, அவ அம்மா வச்சுக் குடுத்துட்டு வந்த கறிக்கொழம்பு ஒரு டப்பாவை இம்புட்டு நாளா பிரீசர்லயே வச்சிருந்தாள்ல, அதை இன்னைக்குத்தான் எடுத்துச் சாப்பிட்டேம்ப்பான்னு சொல்லுதா, எனக்கு வயிறு குளுந்து போச்சு என்றார். எந்த டப்பா அண்ணாச்சி என்று கேட்டேன். மதினி அங்கே வந்திருந்தபோது ஊருக்குத் திரும்பும் முன்னால் பிரீசர் நிறையச் சமைத்து வைத்துவிட்டு வந்தார்களாம், அதில் எல்லாம் தீர்ந்து ஒரே ஒரு டப்பா மிச்சம் இருந்ததாம், அதற்குள் மதினி போய்விட்டார்களாம், அதன் பிறகு ஜெயாவுக்கு அதைத் திறக்க மனசே வரவில்லையாம். நீல மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பாம்மா, நீ அங்க இருக்கும்போது பாத்திருப்பியே என்றார். நான் அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த டப்பாவைக் காலி பண்ணியது நான். உனக்குத் தெரிந்தது பாதிதான் இருக்கும், மீதியையும் கேட்டுக்கொள். ஜெயா திரும்ப ஆஸ்பத்திரி வேலைக்குப் போக ஆரம்பித்தபோதுதானே நான் வந்தேன். நீ விடியும் முன்னே ரயிலைப் பிடிக்க ஓடுகிறாய், அவள் ஷிப்ட் முடிந்து கண் சொருக வருகிறாள், பெரியவள் ரொட்டியைக் கடித்துக்கொண்டு திரிகிறாள், எனக்கு வயிறு எரிந்தது. இருக்கிற நாளில் இதுகளுக்கு நாலு மாதத்துக்காவது சமைத்து அடுக்கிவிட்டுப் போக வேண்டும் என்று கேரேஜில் இருக்கிற பெரிய பிரீசரை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். பூண்டுக் குழம்பு, தக்காளித் தொக்கு, பருப்பு, பூரணம், அரைவேக்காட்டுச் சப்பாத்தி என்று ஒன்று விடவில்லை. ஆறின பிறகு மூட வேண்டும், விளிம்புவரை ஊற்றக்கூடாது, உறைந்தால் பொங்கி மூடியைத் தள்ளிவிடும், உருளைக்கிழங்கு போட்டது நிற்காது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ஜெயாதான். அதெல்லாம் அவள் அம்மா வந்திருந்தபோது இரண்டு பேருமாகச் சமைத்துப் பழகியது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

நடுவில் பங்குனி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரியம்மனுக்குக் கொடியேறிவிட்டால் பூக்குழி முடிகிறவரை நம் வீட்டில் கவுச்சி கிடையாது, நான் எங்கே இருந்தாலும் அதை விட்டதில்லை. அதைச் சொன்னதும் ஜெயா முகம் சுளிக்காமல் பிரீசரில் இருந்த கோழி மீன் எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு அவ்வளவு பெருமை, மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். மறுநாள் அவள் டூட்டிக்குப் போன பிறகு என் டப்பாக்களுக்கு இடம் ஒழிக்கிறேன் என்று அடிவரை எடுத்தால், பட்டாணிப் பைக்குக் கீழே, இரண்டு கவர் போட்டுச் சுற்றி, ஒரு ஐஸ்கிரீம் டப்பா. மூடியைத் திறந்தால் மேலெல்லாம் பனி. சுடுதண்ணீரில் வைத்தேன், கொஞ்சம் இளகியதும் கறி வாசம் குப்பென்று வந்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. அத்தைக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள், விரத நாளில் என்னை முட்டாளாக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். கையால் தொட்டால் தீட்டு என்று இடுக்கியால் எடுத்து எடுத்துக் குப்பைப் பையில் போட்டு, வாயைக் கட்டி, வெளியே பெரிய தொட்டியில் தள்ளினேன். மறுநாள் காலையில் லாரி வந்து தூக்கிப் போய்விட்டது. டப்பா நல்ல டப்பா, அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. மஞ்சள் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவி, என்னுடைய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை அதில் ஊற்றி மூடி, அதே இடத்தில் வைத்தேன்.

அந்த வாரமே ஒருநாள் அந்த டப்பாவைத்தான் எடுத்து மேசையில் வைத்தேன். ஜெயா டூட்டி உடுப்போடு வந்து மூடியைத் திறந்து பார்த்தபடியே நின்றாள். நானாக வாயைத் திறந்து, இதிலே எந்தக் காலத்துக் கறியோ கிடந்தது, கொட்டிவிட்டு நன்றாகக் கழுவிவிட்டேன், பயப்படாதே என்றேன். ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றே சொன்னேன். அவள் சரி அத்தை என்ற ஒரு வார்த்தையோடு குளியலறைக்குப் போய்விட்டாள், தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் நெடுநேரம் கேட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். குட்டு வெளிப்பட்ட வெட்கம் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஊருக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் நான் அவளை என்னவெல்லாம் கேட்டிருக்கிறேன். பூண்டுக் குழம்பு தீர்ந்ததா, தொக்கை எடுத்தாயா, இடுப்பு ஒடியச் சமைத்து வைத்துவிட்டு வந்தால் நீங்கள் கடையில் வாங்கித் தின்கிறீர்களாமே, என் சமையல் இறங்கவில்லையா என்று குத்திக் குத்திக் கேட்டேன். அவளும், இருக்கு அத்தை, எடுக்கணும் அத்தை என்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அம்மா, போதும், அவளால் அந்தப் பிரீசரைத் திறக்க முடியவில்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என் வாய் அன்றைக்கே அடைபட்டிருக்கும். அம்மா மனசு கஷ்டப்படும் என்று பார்த்தாய் போலிருக்கிறது. எனக்காகப் பார்த்துப் பார்த்து அவளைத் தனியாக விட்டுவிட்டாயே.

எனக்கு இருக்கிற பயம் ஒன்றுதான். நான் தெரிந்தே செய்தேன் என்று ஜெயா நினைத்துவிடக்கூடாது. மறுவீட்டு விருந்துக்குப் போய்வந்து நீ மாமியார் வீட்டுக் கறிக்குழம்பை ஒரு வாரம் பேசியபோது எனக்குச் சுருக்கென்றது உண்மை, இல்லையென்று சொல்ல மாட்டேன், அது ஜெயாவுக்கும் தெரியும். ஆனால் அது மதினியின் கைச்சமையல் என்று ஒரு துளி தெரிந்திருந்தாலும், கொடியாவது விரதமாவது, நான் மூடிவைத்துக் கும்பிட்டிருப்பேன். சாமி எனக்காகப் பூக்குழி முடிகிறவரை பொறுத்திருக்க மாட்டாளா. அவளிடம் இது என்ன டப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தைதான், கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் நடந்ததன் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், நீ அங்க இருக்கையில தொறந்து பாத்திருப்பியே தாயி, கெட்டுப் போகாம இருந்துச்சா, எப்படி இருந்துச்சு என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி என் முகத்தையே பார்க்கிறார். அவர் மகள் அவருக்காகச் சொன்ன பொய் அது, அதை உடைக்க நான் யார். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, வாசம் அப்படியே இருந்துச்சு, சின்ன வெங்காயம் நறுக்காம முழுசு முழுசாக் கெடந்துச்சு, தேங்காயைச் சில்லுச் சில்லாக் கீறிப் போட்டிருந்தாங்க, மேலாக்க ஒத்த நல்லி எலும்பு இருந்துச்சு என்றேன். நல்லி எலும்பு என்றதும் அவர் அழுதுவிட்டார். அது ஜெயாவுக்குன்னு வச்சிருப்பா, சின்னதுலருந்து அவளுக்குத்தான் அது, எனக்குக்கூடத் தரமாட்டா என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு, பரவாயில்ல, பிள்ள சாப்பிட்டுட்டா என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்துதான் அப்பாவிடம் சொல்லி அழுதேன். விடு, போனது போனதுதானே என்றார். அவருக்கு எல்லாமே போனது போனதுதான்.

நீ இதை வாசித்த பிறகு மடித்து வைத்துவிடாதே, ஜெயா கையில் கொடு. ஜெயா, மதினியின் சமையலைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தது நான்தான். நீ மூடியைக்கூடத் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்தாய், உள்ளே உனக்கென்று என்ன வைத்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எலும்பு குழம்போடு கலந்து கிடக்கவில்லை தாயி, எல்லாவற்றையும் ஊற்றிய பிறகு கடைசியாக மேலே எடுத்து வைத்தது, பார்த்தாலே தெரிந்தது. உன் தட்டுக்கு வர வேண்டியதை நான் குப்பையில் போட்டேன். உன் அப்பாவிடம் நீ சொன்னதை நான் சாகும்வரை காப்பாற்றுவேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம், போனிலும் இதைப் பேச வேண்டாம், நான் தெரிந்து செய்யவில்லை என்பதை மட்டும் நம்பு.

மாரியம்மாள் உங்கள் நாலு பேரையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக வைத்திருக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். முத்து, நான் அடுக்கி வைத்ததை எல்லாம் எனக்காக வைத்திருக்காதே, வேண்டியவர்களுக்குக் கொடு, இல்லையென்றால் கொட்டு, அம்மா ஒன்றும் நினைக்க மாட்டேன். நீல மூடி டப்பாவை மட்டும் நீயே கழுவி ஜெயாவிடம் கொடு. ஒருநாள் லீவு போட்டு நல்ல வெள்ளாட்டுக் கறியாக வாங்கி, உன் கையால் அவளுக்குக் குழம்பு வை. தெரியாவிட்டால் அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேள், என்னைக் கேட்காதே. கறிக்கடையில் நல்லி எலும்பு ஒன்று கேட்டு வாங்கு, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதே, நீயும் எடுக்காதே, அவள் தட்டில் வை.

உங்கள் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
சி. நாகஜோதி