பித்தளைக் கொக்கி போட்ட புத்தகம்

பத்துபஸ்தி,
9.8.1964

அன்புள்ள பூங்கோதைக்கு,

நான் சுகம், மழைதான் விடவில்லை. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைக்கு ஆடிய பல் விழுந்ததா?

கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு குழப்பம்தான். என் வீட்டுக்கார அம்மாள் மீனாம்பாளின் தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவுக்குக் கைதியாக வந்தவர். அவர் விட்டுப்போன தமிழ்ப் புத்தகம் பூஜை அலமாரியில் இருக்கிறது. சிவப்புத் தோல் அட்டை, அதில் தங்கக் கொடி வேலைப்பாடு, பித்தளைக் கொக்கி. இந்தியில் படித்த குடும்பம். யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. குங்குமம் வைத்துக் கும்பிடுவதோடு சரி. போன மாதம் என் கையில் கொடுத்து, "படிச்சுக் காட்டுங்க பாபு, முருகன் பாட்டுத்தான், ஹை நா?" என்றார்கள்.

திறந்தால், 1821இல் அச்சடித்த இயேசுநாதர் ஜெபப் புத்தகம்! என்ன தோன்றியதோ, "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். இப்போது வெள்ளிதோறும் வாசிக்கச் சொல்கிறார்கள். பெயர் வரும் இடத்தில் "சுவாமி" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இது பாவமா? பாவமென்றால் எந்தச் சாமியிடம் மன்னிப்புக் கேட்பது? உண்மையைச் சொல்லிவிடட்டுமா? ஒன்றும் புரியவில்லை, நீயே யோசித்து எழுது.

அடுத்த கப்பலில் வருகிறவர்களிடம் சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுது.

தபால் கட்டப்போகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டிப் போனவனை வீட்டாரிடம் திரும்பச் சேர்க்கும்படி அதில் ஒரு ஜெபம் இருக்கிறது. நேற்று முன்தினம் அதை இரண்டு தரம் வாசித்தேன். தாத்தாவுக்காக வாசிக்கிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் அழுதார்கள்.

உன்
சொக்கலிங்கம்