குளிர்ந்த தோலில் விழுந்த அடி

மண்ணுக்குள் இருக்கும் என் அன்பு அண்ணா,

கொத்மலை மண்சரிவு நம் தோட்டத்து லய வீடுகளின் மீது இறங்கிய அன்று அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார், அதனால் பிழைத்தார். உங்கள் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பள்ளிக்கூட முகாமில் பதினைந்து நாள்கள் அவர் அழவில்லை, பேசவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் உண்டார். இவரும் இப்படியே போய்விடுவாரோ என்று அஞ்சினேன்.

பதினாறாம் நாள் நினைவுரை ஆற்றினேன். சொல்லடுக்கிப் பேசினேன், கைதட்டக்கூடச் செய்தார்கள். அண்ணி சுவரையே பார்த்திருந்தார்.

அப்போதுதான் நீங்கள் அடிக்கும் தப்பு நினைவுக்கு வந்தது. அந்தப் பறையை உங்களிடமிருந்து பறித்தவன் நானல்லவா? "இழிவின் சின்னத்தை எறிவோம்!" என்று அட்டன் மேடையில் முழங்கினேன். "தம்பி, அடிக்கிறவனக் கேவலமா பாக்குறவனத் திருத்து. தோலு என்னா பாவம் பண்ணுச்சு?" என்றீர்கள். ஆயினும் என் பெயருக்காக அதைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டினீர்கள்.

மண் தொடாமல் நின்ற அக்கோயிலிலிருந்து அதை எடுத்துவந்தேன். "பொணம் இல்லாம தப்பு அடிக்கிற வழக்கம் இல்லீங்களே," என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். கேளாமல் குச்சியை ஓங்கினேன். நனைந்த அட்டையைத் தட்டியதுபோல் ஒலித்தது.

அண்ணி திரும்பினார்.

"கொழுந்தனாரே, காய்ச்சாம அடிக்கிறீங்களே! மேடப் பேச்சுன்னு நெனச்சீங்களா, எடுத்த எடுப்புல முழங்குறதுக்கு? அவரு பாத்தா ஒதைப்பாரு."

பதினாறு நாளில் அவர் பேசிய முதற்சொற்கள் அவை. யாரோ சிரித்துவிட்டார். அண்ணி முகாம் அடுப்பருகே அமர்ந்து, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மீண்டும் காட்டினார். உங்கள் அருகிருந்து பழகிய கைகள். பிறகு அவரே அடித்தார்.

"தேயிலைக்குக் குழி வெட்டினீங்களே, ஒங்களுக்கு ஒரு குழி இல்லையே…"

ஒப்பாரி எழுந்தது. முகாமே அழுதது, அண்ணா. தடுத்த பெரியவர் தம் மகளின் பெயரைச் சொல்லிக் கதறினார்.

துயர் தீர்ந்ததென்று பொய் சொல்லேன். வீடு கட்ட மாற்றுக் காணி வரவில்லை. மழை பிடித்தால் எவரும் உறங்குவதில்லை. ஆனால் அண்ணி தாமே உண்கிறார். உங்களைத் திட்டவும் செய்கிறார். நம் மக்களின் எழுச்சியை நான் இத்தனை காலம் எங்கே தேடிக்கொண்டிருந்தேன்?

உடல் கிடைக்காத குடும்பங்கள் அடுத்த தோட்டங்களிலும் உள்ளன. அங்கெல்லாம் அண்ணி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைத்தெரு வழியே, எல்லோரும் காண, தப்பை என் தோளில் சுமந்து செல்வேன். அவர் அடிப்பார். நான் பேசமாட்டேன்.

உங்களோடு பிறந்தும் உங்களைக் கேளாத
தம்பி