இல்லை என்பதை அழுத்து

ஜூன் 4

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? நேற்றும் போனில் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம். சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. இந்த அறையில் நாலு டிரைவர்கள் படுத்திருக்கிறோம். என் பட்டன் போனில் நீ பேசுவது அடுத்த கட்டில் வரை கேட்கும். அதனால்தான் பேப்பரும் பேனாவும். இதைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வை.

போன வாரம் காலை ட்ரிப் முடிந்து ஷெட்டில் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாளியைத் தூக்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, நான் தரையில் கிடக்கிறேன், பக்கத்துக் கட்டில்காரன் கொட்டாவி என் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். "கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சுண்ணே, நாக்கக் கடிச்சிருக்கீங்க பாருங்க" என்றான். க்ளினிக்கில் டாக்டர், வலிப்பாக இருக்கலாம், தலைக்கு ஒரு டெஸ்ட் எடு, அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதே என்றார். வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றேன், அதனால் வந்திருக்கும். மறுநாளே ட்ரிப் போய்விட்டேன். கொட்டாவி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியில் என் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அரசாங்க வெப்சைட்டில் இருக்கும் என் கணக்கு உன் போனில்தானே இருக்கிறது, பாஸ்வேர்டும் உனக்குத்தான் தெரியும். உடம்பைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் வரும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பதை அழுத்து. லைசென்ஸ் போனால் எனக்கு வேறு என்ன வேலை தெரியும் சொல்.

உன்
டிரைவர்

---

ஜூன் 9

அன்புள்ள டிரைவர் ஐயாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் எப்படி என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இடைவேளையில் தையல் ஷெட்டுக்குப் பின்னால் நின்று கடிதத்தைப் படித்தேன். திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்துவிட்டேன். மேஸ்திரி அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கும்மா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

நீங்கள் சொன்னபடி கணக்கைத் திறந்தேன். முதலில் உங்கள் போட்டோவைத் திருப்பித் திருப்பி அனுப்பியது. காது தெரியவில்லையாம். பெரியவள் எட்டிப் பார்த்து, "அப்பா காது அவ்ளோ பெருசு, அது எப்படிம்மா தெரியாமப் போச்சு?" என்றாள். புது வீட்டு முகவரியை மாற்றினேன். உங்கள் வேனின் பக்கமும் அதிலேயே வந்தது. வண்டி நம்பர், உரிமையாளர் என்று பள்ளிக்கூடத்தின் பெயர், 'இணைக்கப்பட்ட ஓட்டுநர்' என்று உங்கள் பெயர், அதற்குக் கீழே எத்தனை இருக்கைகள் என்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீங்கள் சொன்ன பக்கம் வந்தது. 'கடந்த ஓராண்டில் மயக்கம், வலிப்பு, நினைவு தப்புதல் ஏதேனும் ஏற்பட்டதுண்டா?' பக்கத்தில் இரண்டு வட்டங்கள். நான் எதையும் தொடவில்லை. நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்ளே வரவும் என்று அதுவே மூடிக்கொண்டது.

முதலில் டெஸ்டை எடுங்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லட்டும், நானும் 'இல்லை' என்று நிம்மதியாக அழுத்துகிறேன். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வாரம் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
டெய்லரம்மா

---

ஜூன் 14

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

உனக்கு மட்டும்தான் பயமா? தினமும் காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் நாக்கைப் பல்லில் வைத்துப் பார்க்கிறேன், அந்தக் காயம் இன்னும் வலிக்கிறதா என்று. வலிக்கவில்லை என்றால்தான் வண்டியை எடுக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

டெஸ்ட் எடுத்தால் எழுதிக் கொடுப்பார்கள். எழுதியது கம்ப்யூட்டருக்குப் போகும். எங்கள் பள்ளி கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறாரே, அவர் ஒரு காலத்தில் இங்கே முதல் நம்பர் டிரைவர். பார்வை குறைந்துவிட்டது என்று அவருடைய கணக்கில் ஏறியது, அவ்வளவுதான். இப்போது நாங்கள் உள்ளே நுழையும்போது கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் வண்டியை உள்ளே விடுவேன். என்னையும் அப்படி நிற்க வைத்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன். வண்டி ஓட்டும்போது ஒரு நாளும் வந்ததில்லை, வரவும் வராது. மாதம் முடியப் போகிறது. என் தலையில் கல்லைப் போடாதே. அழுத்திவிடு.

உன்
டிரைவர்

---

ஜூன் 21

அன்புள்ள டிரைவர் ஐயாவுக்கு,

அழுத்திவிட்டேன்.

'இல்லை' என்பதைத் தொட்டதும் அந்த வட்டம் நிரம்பியது. 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற கட்டத்திலும் டிக் போட்டேன். ஓடிபி வந்தது, அடித்தேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றி அப்படியே நின்றுபோய்விடாதா என்று வேண்டிக்கொண்டேன். புதுப்பிக்கப்பட்டது என்று வந்துவிட்டது. வாழ்த்துகள் என்றுகூட ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்து அழுதேன், உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அதிலிருந்து காலை நேரம் வந்தாலே கண் போன் மேலேயே இருக்கிறது. ஷெட்டில் இப்போது எல்லாம் சின்ன சைஸ் சீருடைகள். நீங்கள் ட்ரிப் முடித்து மிஸ்டு கால் கொடுக்கும் வரை நான் யாரோடும் பேசுவதில்லை. நேற்று தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. எடுத்ததும் "ஹலோ" சொல்லாமல் "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டேன். அது யாரோ வீட்டுக்கடன் வேண்டுமா என்று கேட்ட பெண். "வேண்டாம்மா, ரொம்ப நன்றி" என்று அவளுக்குக் கும்பிடு போடாத குறையாகச் சொன்னேன்.

எனக்கு ஒரே ஒரு வாக்கு கொடுங்கள். மறுபடி ஏதாவது வந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பூசி மெழுகாமல் எனக்கு எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் மேல் சத்தியமாக.

உங்கள்
டெய்லரம்மா

---

ஜூலை 3

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

நீ செய்த உதவியை மறக்க மாட்டேன். புது லைசென்ஸ் நம்பரை ஆபீசில் பதிந்துகொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவள் கணக்கில் நல்ல மார்க் வாங்கியதாகச் சொன்னாயே, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வை. சின்னவன் செருப்பைத் தேய்த்து நடக்கிறானா இன்னும்?

சத்தியம் வாங்கியிருக்கிறாய், அதனால் ஒன்று எழுதுகிறேன். பெரிய விஷயமில்லை. செவ்வாய்க்கிழமை காலை, வேனில் கூட வரும் ஆயாம்மா பள்ளியில் இறங்கியதும், "என்ன தம்பி, அந்த ரெட்டை ஜடைப் பாப்பா கையக் காட்டிட்டு நின்னுச்சு, நீ பாட்டுக்குப் போயிட்ட, நான் கூப்பிடக் கூப்பிட மொறச்சுப் பாத்துக்கிட்டே ஓட்டுற?" என்றார். எனக்கு ஆஸ்பத்திரி வளைவு வரை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பள்ளி கேட்தான் நினைவிருக்கிறது. நடுவில் ஏதோ யோசனையில் இருந்திருப்பேன். பழகிய ரோடு, கை தானாகத் திருப்பும். கீழே விழவில்லை, இழுக்கவில்லை, நாக்கும் சரியாக இருக்கிறது. பாப்பாவின் அம்மா ஆபீசில் புகார் செய்தார், மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஆயாம்மா மட்டும் இப்போது பின் சீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருகிறார். எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.

நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன்
டிரைவர்

---

ஜூலை 8

என்னங்க,

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்து முடித்தபோது உங்கள் ட்ரிப் நேரம் தாண்டியிருந்தது. மிஸ்டு கால் வந்திருந்தது. இருந்தும் நான் மாலை ட்ரிப்புக்குக் காத்திருக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து கணக்கைத் திறந்தேன். 'உடல்நிலையில் மாற்றம் தெரிவிக்க' என்று ஓரத்தில் ஒன்று இருக்கிறது. முதல் தடவையே அதைப் பார்த்திருக்கிறேன், பார்க்காத மாதிரி இருந்தேன். 'ஆம்' என்பதை அழுத்தினேன். என்ன நடந்தது என்று எழுதச் சொன்னது. வாளியையும் எழுதினேன், ரெட்டை ஜடைப் பாப்பாவையும் எழுதினேன். அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. டாக்டர் சான்று வரும் வரை உங்கள் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வேனின் பக்கத்திலிருந்து உங்கள் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. உரிமையாளருக்குத் தகவல் போயிருக்கிறது. போன மாதம் நான் பொய் சொன்னதற்கு விளக்கம் கேட்டால் வந்து நிற்பேன். என் வாயால் சொல்வேன், உங்களை இழுக்க மாட்டேன்.

மத்தியானத்திலிருந்து நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் நான் உடைந்து, ஐயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீங்கள் அழுவீர்கள், நான் சரி என்று சொல்வேன். உங்கள் கண்ணீருக்கு நான் எப்போதும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் அந்த வேனுக்குப் பயந்தேன். இப்போது உங்களுக்குப் பயப்படுகிறேன். நீங்கள் இனிமேல் என்னோடு பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் மாற்றி எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வாருங்கள். வந்து திட்டுங்கள்.

நான்

---

ஜூலை 16

உனக்கு,

என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்படியே படி.

மேனேஜர் கூப்பிட்டுச் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் உன் வரிகளைக் காட்டினார். வாளி, பாப்பா, எல்லாம். என் மனைவிக்கு மட்டும் எழுதியது ஆபீஸ் திரையில் நிற்கிறது. அந்த நிமிடம் நீ எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ, நீ போனை எடுக்காமல் இருந்ததே நல்லது. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காவது நாள்தான் உன் கடிதம் வந்தது. அதைப் பிரிக்கவும் இல்லை.

என் ரூட்டைக் கொட்டாவிக்குக் கொடுத்தார்கள். அவனுக்கு நிறுத்தங்கள் தெரியாது, கூட வந்து காட்டுங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, ஆனாலும் வண்டியில் ஏறினேன். பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வளைவு தாண்டியதும் நான் ஜன்னலில் பார்க்க ஆரம்பித்தேன். ஓட்டுகிறவன் அந்த ரோட்டை அப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒரு லாரி பாதி ரோட்டில் நின்று செங்கல் இறக்குகிறது. நடந்து போகிற பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு குறுக்கே வருகிறார்கள். அப்புறம் ரயில்வே கேட். கொட்டாவி ஒவ்வொன்றுக்கும் பிரேக் போடுகிறான். அந்த ரோட்டில்தான் அன்று நான் இல்லாமல் வண்டி போயிருக்கிறது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ரெட்டை ஜடைப் பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், பயமா இருக்கா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தைப் பிரித்தேன். மறுநாள் டெஸ்டுக்குப் போனேன். அதுதான். வலிப்புதான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விடாமல் சாப்பிட்டு, மறுபடி வராமல் இருந்தால் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்றால் எப்போது என்று கேட்டேன். பிறகு என்றார்.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன், தெரிந்துகொள். நீ செய்தது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கேட்காமல் செய்தாய். கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தும் கோபம் போகவில்லை. ஆனால் நேற்று ராத்திரி, எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, காலையை நினைத்துப் பயப்படாமல் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கொட்டாவி கூட வந்து விட்டுவிட்டுப் போவதாகச் சொல்கிறான், என்னைத் தனியாக அனுப்ப அவனுக்குப் பயம்.

உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை வீட்டில்தான் இருப்பேன்.

நான்தான்