பதினைந்து வருடத்துக்கு எத்தனை தறி

4 மார்ச் 1968, திங்கள்
காலையிலேயே வெயில். சைக்கிள் முன் டயர் பஞ்சர். பல்லடத்திலிருந்து மின்சார இன்ஜினியர் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தார். இன்னும் பதினைந்து வருடத்தில் சாமளாபுரத்தில் எத்தனை விசைத்தறி ஓடும் என்று கணக்கு வேண்டுமாம். வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டியவன் பஞ்சாயத்து கிளார்க், அதாவது நான். சனிக்கிழமைக்குள். கணக்கு சிறிதாக வந்தால் புதிய துணை மின் நிலையம் வேறு ஊருக்கு. நமக்கு அதே பழைய டிரான்ஸ்பார்மர், சாயங்காலமானால் பியூஸ் போவது.
நாளைக்கு என்ன குழம்பு என்றே தெரியாதவனிடம் பதினைந்து வருடம் கேட்கிறார்கள்.

5, செவ்வாய்
முதல் வீதி, பதினோரு வீடு. தறிக்காரர் வேலுச்சாமி அண்ணனிடம் தொடங்கினேன்.
"தறி எத்தனைங்கண்ணா?"
"ரெண்டே ரெண்டுதானுங்க."
"இனிமே?"
"இதே ஓடுனாப் போதுமுங்க."
கொட்டகைக்குள் ஆறு தறிச் சத்தம். அது பக்கத்து ஊட்டுச் சத்தம் என்றார். பக்கத்தில் இருப்பது மாரியம்மன் கோயில்.
மற்ற பத்து வீட்டிலும் இதே கதை. வரி போட வந்திருக்கிறேன் என்று நினைப்பு. வரி இல்லை என்று சொன்னாலும் நம்புவதில்லை. சொன்னதை எழுதினால் நிலையம் கிடைக்காது. நானாகக் கூட்டி எழுதினால் என் வேலை போகும். நாள் முழுக்க எரிச்சல்.
மறக்காமல்: சீயக்காய், மை, சின்னவளுக்குச் சிலேட்.

6, புதன்
டீக்கடை. வேலுச்சாமி அண்ணன் மூத்த மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். யாரோ சொன்னது: "ஆறு தறியாவது தனியாப் போட்டுக் குடுத்தாத்தான் பொண்ணு குடுப்பாங்களாமா."
டீ ஆறிப் போனதே தெரியவில்லை. மகனுக்குக் கல்யாணமென்றால் தனிக் கொட்டகை, தனித் தறி. ஊர் வழக்கம் அதுதான். தறியைக் கேட்டால்தானே பொய்?
மதியத்திலிருந்து கேள்வியை மாற்றினேன். "பையனுங்க எத்தனைங்கண்ணா?" வேலுச்சாமி அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "மூணுங்க. ஆளுக்கு ஆறு போட்டுக் குடுக்கோணுமுங்க." மோரும் வந்தது.

7, வியாழன்
ஆறு வீதி. எட்டு இடத்தில் மோர். வயிறு சரியில்லை. மனசு நன்றாக இருக்கிறது.

8, வெள்ளி
கணக்கு முடிந்தது. நல்ல பெரிய எண். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், பெருமையாகத்தான் இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி சரஸ்வதி, நம் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றாள்.
படித்தேன். மகன் இல்லை. தறி சைபர்.
"ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குதே. அதுக பதினஞ்சு வருசமும் சும்மா உக்காந்துருக்குமாங்க?" என்றாள். "தெக்கு வீதி ருக்குமணியக்கா நாலு தறி ஓட்டுது. அதுக்கும் பொண்ணுதான். அங்க என்ன போட்டிருக்கீங்க?"
பார்த்தேன். சைபர். மூன்று நாளாக என்னை நானே மெச்சிக்கொண்டதை நினைத்து வெட்கமாகிவிட்டது.
பெரியவளைக் கேட்டேன். ஒன்பது வயது. புத்தகத்திலிருந்து நிமிராமலே, "எட்டு தறி எழுதுங்கப்பா."

9, சனி
மேகமூட்டம். திங்கட்கிழமை தருகிறேன் என்று இன்ஜினியருக்குச் சொல்லியனுப்பியாயிற்று. திட்டுவார். மறுபடி முதல் வீதி.
"அதா அன்னிக்கே சொன்னனுங்களே, பையன் மூணு," என்றார் வேலுச்சாமி அண்ணன்.
"பொண்ணுங்க எத்தனைங்கண்ணா?"
கொட்டகைக்குள் ஒரு தறி நின்றது. அவர் மகள் வெளியே வந்தாள், முடியெல்லாம் பஞ்சு. அப்பாவைப் பார்க்கவில்லை. என் நோட்டைப் பார்த்தாள்.
"எம் பேருல ஆறு எழுதிக்குங்க."
அண்ணன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எழுதினேன். அடுத்த வீடு.