டச் டவுனுக்கு நான் சொன்ன விளக்கம்

28-1-1973, ஞாயிறு, தாம்பரம்

அமெரிக்காவிலிருந்து சகலை போட்ட கடிதத்தை, சர்ச் முடிந்து வந்ததும் மாமனார் உரக்கப் படித்தார். சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஃபுட்பால் டீம், ஃபைனலிலும் ஜெயித்ததாம். அமெரிக்கத் துரையாகிவிட்ட சகலை நேரிலேயே போய்ப் பார்த்தாராம். பல்லாவரம் மைதானத்தில் நான் ஆடியதை மாமனார் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"டச் டவுன்னு எழுதியிருக்காரே, அப்படின்னா என்ன மாப்பிள்ளே?" என்றார்.

எனக்கும் தெரியாது. கோல்கீப்பர் பந்தோடு தரையில் விழுவதுதான் என்று அளந்துவிட்டேன். அதை அப்படியே பதிலில் எழுதினார். "பெரிய மாப்பிள்ளை ஆட்டம் தெரிந்தவர், அவரே விளக்கினார்" என்றும் சேர்த்துப் படித்துக்காட்டினார். ஒட்டி, தபாலில் போட என்னிடமே கொடுத்தார்.

போட்டால் சகலை விழுந்து விழுந்து சிரிப்பான். கிழிக்கவும் மனசு வரவில்லை. எட்டு வருஷத்தில் மாமனார் என்னைப் பாராட்டிய ஒரே வரி அதில்தான் இருக்கிறது.