மூன்றாவது ஓலை

பாடாங் செராய்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஷாரன் அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை அமண்டா எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். யாவரும் என்று சொல்ல அப்பாவும் நானும்தான் இருக்கிறோம். அதில் ஒருவர் நலமில்லை. மீதி ஒருத்திக்கு நலத்தோடு கொழுப்பும் உண்டு. வாட்சாப்பில் நான் அனுப்பியதெல்லாம் நீலக் கோடு விழுந்து கிடக்கிறது. நீ கோடு போட்டால் நான் மெல்பர்ன் வரைக்கும் ரோடு போடுவேன். அதனால்தான் இந்தத் தபால்.

இன்று பூசை முடிவில் ஃபாதர் திருமண ஓலை வாசித்தார். போன இரண்டு ஞாயிறும் வாசித்த, "மனைவியை இழந்த சிரிலுக்கும் கணவரை இழந்த பிரிஜெட்டுக்கும்" என்ற ஓலை இன்று இல்லை. மூன்று வாரம் வாசித்து, தடை சொல்ல யாரும் வராவிட்டால்தான் நம் கோயிலில் கல்யாணம். மூன்றாவதை வாசிக்க வேண்டாம் என்று அப்பாவே நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அப்பா முழங்காலில் இருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என்ன தடை என்று ஃபாதருக்குத் தெரியாது. நீ வியாழக்கிழமை போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

பிரிஜெட் ஆன்டியை உனக்குத் தெரியாது. கையுறை பேக்டரியில் பேக்கிங் வேலை. அப்பா ஓட்டும் பேக்டரி பஸ்ஸில் திகாம் பத்துவில் ஏறுவார். மற்றவர்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து அப்பாவோடு பேசிக்கொண்டே வருவாராம். எனக்கு விஷயம் தெரிந்தது தலைமுடிச் சாயத்தால். சாயப் புட்டியை ஒளித்துவைத்துவிட்டு, "என்ன டிரைவரே, டயருக்குக் கறுப்பு அடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். எப்போதும் போல் துடைப்பம் பறந்து வரும் என்று குனிந்தேன். வரவில்லை. நிமிர்ந்தால் மனுஷர் வெட்கப்படுகிறார். அம்மா போன இந்த நான்கு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை அக்கா.

பெண் பார்க்க வந்த அன்று அப்பாவின் காலில் கிடந்த சப்பாத்தை மட்டும்தான் பார்த்ததாக அம்மா சொல்வார். முகத்தைப் பார்த்தது கோயிலில், மோதிரம் போடும்போது. நீ திவாகரன் அத்தானை முதலில் போனில் பார்த்தாய், அப்புறம் நேரில் பார்த்தாய், கடைசியில்தான் எங்களுக்குக் காட்டினாய். அப்பா முறை வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் என்று போக நான் ஒருத்திதான். கேக்கும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனேன். கால் மேல் கால் போட்டு, "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டேன். "பாட வராதும்மா. ஒங்கப்பா அடிக்கிற ஹாரனுக்குத் தாளம் போடத் தெரியும் லா" என்றார் ஆன்டி. அங்கேயே எனக்குப் பெண் பிடித்துவிட்டது.

ஒருநாள் தஞ்சோங் டாவாய்க்கு மீன் சாப்பிடப் போனோம். "நீ நடுவுல ஒக்காரு, இல்லன்னா ஊர் பேசும்" என்று அப்பா என்னைக் காவலுக்கு வைத்தார். பெரியவர்கள் சின்னவர்களுக்குக் காவல் இருந்த காலம் போய், இப்போது அது என் வேலை. அப்பா முள்ளை எல்லாம் என் தட்டில் ஒதுக்கிவிட்டு, சதையை எனக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். நான் கண்டுகொள்ளவில்லை.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். என் நாக்கு அழுகினால் நீதான் பொறுப்பு.

வியாழக்கிழமை நீ கடைசியாகச் சொன்னது, "அம்மா தாலிய அந்தப் பொம்பள கழுத்துல கட்டிடாதீங்க. அத எனக்கு அனுப்பிடுங்க." அப்பா "சரிம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அவரிடம் அனுப்ப ஒன்றும் இல்லை.

உன் கல்யாணத்துக்கு அத்தானின் அம்மா தாலி எடுத்துவர மாட்டேன் என்றாரே, நினைவிருக்கிறதா? வேதக்காரப் பெண்ணுக்கு எங்கள் வீட்டுத் தாலியா என்று கேட்டார். நம் சொந்தமோ, பொட்டு வைக்கிற வீட்டுக்கா பெண் கொடுக்கிறாய் என்று அப்பாவைத் திட்டிவிட்டு யாரும் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் உனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அப்பா ஒருவர்தான். மறுநாள் அத்தான் வீட்டு வழக்கப்படியே ஒரு தாலி வந்தது. சுங்கை பட்டாணியில் வாங்கினேன் என்றார் அப்பா. அவர் வாங்கவில்லை. நான் கூடப் போயிருந்தேன். "அண்ணே, சிலுவைத் தாலியாச்சே, உருக்கவா?" என்று நகைக்கடை ஆசாரி திரும்பத் திரும்பக் கேட்டார். "எம்புள்ள கழுத்துல எந்த வடிவத்துல இருந்தா என்ன? உருக்குங்க" என்றார் அப்பா. உருகி முடியும்வரை கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பிரிஜெட் ஆன்டிக்குத் தாலி கூட வேண்டாம், மோதிரம் போதும் என்றுதான் இருவரும் பேசியிருந்தார்கள். இப்போது ஆன்டி வேறு பஸ்ஸில் போகிறார். "ஒங்கக்கா மனசு நோகக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். முன் சீட்டில் அப்பா தண்ணீர்ப் போத்தலை வைத்திருக்கிறார். யார் ஏறினாலும் அதை எடுப்பதில்லை.

மாதக் கடைசியில் நான் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் படிக்க ஜொகூருக்குப் போகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. அதன் பிறகு பூட்டிய வீட்டை அப்பாவே திறந்து, அப்பாவே விளக்குப் போட வேண்டும். சேட்டை செய்யக்கூட ஆள் இருக்காது.

நீ வர வேண்டாம். ஆன்டியை அம்மா என்று கூப்பிடவும் வேண்டாம், நானே கூப்பிடப்போவதில்லை. அப்பாவுக்குப் போன் மட்டும் செய். "சாப்பிட்டியா?" என்று கேட்பார், பதில் சொல். பிறகு ஆன்டி எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேள். மூன்றாவது ஓலையை ஃபாதர் இன்னும் கிழிக்கவில்லை. பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. கழுத்தில் இருப்பதைக் கழற்றி வைத்துவிடாதே அக்கா. அம்மா உன்னோடேயே இருக்கட்டும். அப்பாவோடு இருக்க ஒருவரை விடு.

உன் பதிலுக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும்,
அமண்டா