அரசருக்கு விடுமுறை இல்லை

மே 4
மகன் தொலைபேசியில் பேசினான். அடுத்த மாதம் நாங்கள் வெளிநாட்டுக்கு அவனிடம் போகும்போது ஊரையே சுற்றிக் காட்டப் போகிறானாம். "அம்மாவுக்கு நல்ல ஷூ வாங்குங்கப்பா. இங்க எல்லாம் நடைதான்." வாங்கினோம். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறாள். சமையலறைக்குள் ராணுவம் புகுந்ததுபோல் இருக்கிறது.

மே 20
அவனுடைய எண். பேசியது வேறு குரல். சாலை விபத்தாம். மகன் இல்லையாம்.
இதற்குமேல் எழுத வரவில்லை.

மே 22, வெள்ளி
அவன் ஊருக்கு வந்து சேர்ந்தோம். நான், மனைவி, மகள். மருத்துவமனை அலுவலகத்து அம்மாள் மிகவும் மரியாதையாகப் பேசினார். கையெழுத்துப் போட வேண்டியவர் கிளம்பிவிட்டார்; சனி, ஞாயிறு விடுமுறை; திங்கட்கிழமைதான் உடலைப் பார்க்க முடியும். விடுமுறை இனிதாகக் கழியட்டும் என்று வேறு வாழ்த்தினார். வாய்ப்பழக்கம். நானும் நன்றி என்றேன். அதுவும் வாய்ப்பழக்கம்.
மனைவி இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 23, சனி
விடுதி அறை. மூன்று பேர், நான்கு சுவர்.

மே 24, ஞாயிறு
காலையில் பார்த்தால், ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.
"கிளம்புங்க. ஊரைப் பாத்துட்டு வரலாம்."
மகள் பதறிப்போனாள். "உனக்கு என்னம்மா ஆச்சு? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"
"இங்க நம்மள யாருக்குடி தெரியும்? தெரிஞ்சவன் ஒருத்தன். அவன் காட்டறேன்னு சொன்ன ஊரு."
போனோம். பாலம், கோட்டை, மணிக்கூண்டு. கோட்டைக்குள் ஓர் அரசரின் கல்லறை. பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்: இறந்து நானூறு வருடமாகிறது, எல்லா நாளும் பார்க்கலாம். அரசருக்கு விடுமுறை இல்லை. என் மகனைப் பார்க்கத்தான் திங்கட்கிழமை வரவேண்டும்.
மணிக்கூண்டின் கீழே தொப்பி போட்ட பயணி ஒருவர் தாமாகவே வந்து, மகளின் போனை வாங்கி, எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார்.
சிரித்தோம். மூன்று பேருமே. ஐயோ, எப்படிச் சிரித்தோம்? யார் சொன்னாலும் சிரித்துவிடுவோமா?
மகள் படத்தை அழிக்கப் போனாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடி. இருக்கட்டும்."
ஷூ கடித்துக் குதிகாலில் ரத்தம். அறைக்குத் திரும்பும்வரை அவள் சொல்லவில்லை.

மே 25
பார்த்தோம்.

ஜூன் 14
துக்கம் கேட்க வந்த மைத்துனர், மகளின் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். "ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சு போல," என்றார் தங்கையிடம்.
"ஆமாண்ணே. உன் மருமகன்தான் கூட்டிட்டுப் போனான்."
சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். மாலைவரை அழுதாள். மைத்துனர் அவளைத் தேற்றப் பார்த்தார். நான் அவரைத் தேற்றி அனுப்பிவைத்தேன்.

ஜூன் 20
அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அவனுடையது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அதில் சிரிக்கக் கூடாது என்பது விதி. விறைப்பாகப் பார்க்கிறான். பக்கத்தில் நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.